வேலூர் நவஜீவ நிலையமும் தொழில்வழி மருத்துவமும்

தமிழில் ‘தொழில்’ என்னும் சொல் பிழைப்புக்காகச் செய்யும் வேலையோடு நின்றுவிடுவதன்று. உண்டல், உடுத்தல், நடத்தல், எழுதுதல் ஆகிய அனைத்தையும் இலக்கண ஆசிரியர் தொழிற்பெயர் என்றே வகுத்தனர். குழந்தை தன் சட்டைப் பொத்தானை மாட்டுவதும் தொழில். கோலிக்குண்டை விரலால் சுண்டுவதும் தொழில். ஆங்கிலேயர் ‘ஆக்குப்பேஷனல் தெரப்பி’ என்றும், தமிழர் தொழில்வழி மருத்துவம் என்றும் வழங்கும் துறையின் உட்பொருளை அறிய இவ்விலக்கண வழக்கு நல்ல துணையாகும். நோயாலோ, பிறவிக் குறையாலோ, விபத்தாலோ அன்றாடச் செயல்களை இழந்தவர்க்கு அச்செயல்களையே மருந்தாக்கி, இழந்ததை மீட்டுத் தர முயல்வது அத்துறை. ‘தொழில்’ என்றவுடன் தறியும் தச்சும் மட்டுமே நினைவுக்கு வருமாயின், துறையின் பாதி மறைந்துபோகும்.

இதற்குப் பெயரும் அமைப்பும் ஏற்பட்ட இடம் அமெரிக்கா. 1917-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், நியூயார்க்கு மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில், ஒரு வீட்டில் ஆறு பேர் கூடிச் சங்கம் ஒன்றை நிறுவினர். வீட்டுக்குரியவர் ஜார்ஜ் எட்வர்டு பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர். காசநோயாலும், உடலின் இடப்பக்கம் செயலற்றுப் போனதாலும் துன்புற்று, தச்சுவேலையும் தோட்டவேலையும் செய்து தம்மைத் தாமே தேற்றிக்கொண்டவர் அவர். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. எனவே இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் மனநோய் இல்லங்களையும் காயமுற்ற போர்வீரரையும் முன்வைத்தே தொடங்குவர். சிறுவர்க்கு அவ்வரலாற்றில் உரிய இடம் கிடைப்பதில்லை. இது ஒரு குறையே. இங்கிலாந்தில் சசெக்சு வட்டாரத்துச் செய்லி என்னும் ஊரில், கிரேஸ் கிம்மின்ஸ் அம்மையார் 1903-இலேயே உடற்குறையுள்ள சிறுவர்க்கெனக் கைத்தொழிற் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். போர் மூண்டபின் ஊனமுற்ற வீரர்கள் அங்கு அனுப்பப்பட்டபோது, குறையுள்ள உடலோடு வேலை செய்வது எவ்வாறு என்பதை அவர்களுக்குக் காட்டியவர்கள் அப்பள்ளிச் சிறுவர்களே. பயிற்றியவர் சிறியோர், பயின்றவர் பெரியோர்.

தமிழ் மண்ணில், வேலூரில் நிகழ்ந்த வரலாற்றிலும் ஒரு சிறுவனே திருப்பத்தை உண்டாக்குகிறான். அவனைக் காணுமுன் மருத்துவரைக் காண்போம்.

பால் வில்சன் பிராண்டு 1914-ஆம் ஆண்டு பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். பெற்றோர் ஆங்கிலேயச் சமய ஊழியர். ஒன்பது வயதில் கல்வியின்பொருட்டு அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தையார் 1929-இல் காய்ச்சல் கண்டு கொல்லிமலையிலேயே இறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிராண்டு மருத்துவத்தை நாடவில்லை. கட்டட வேலை பயிலச் சென்று, தச்சும் கொத்தும் ஆண்டுக்கணக்கில் கற்றார். பின்னரே இலண்டனில் மருத்துவம் படித்து, இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்கு இடையே அறுவை மருத்துவராகத் தேர்ந்தார். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். உளியும் இழைப்புளியும் பிடித்த ஆண்டுகள் ஒரு மருத்துவருக்கு வீண் என்று எவரும் அன்று சொல்லியிருப்பர். அவை எவ்வளவு பயன்பட்டன என்பது பின்னர்த் தெரிந்தது.

வேலூருக்கு வந்த மறு ஆண்டு, அவர் செங்கற்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவ நிலையத்தைக் காணச் சென்றார். அதன் தலைவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் அறிவில் உலகப் புகழ் பெற்றவர். அங்கே விரல்கள் மடங்கிப் பருந்தின் நகம்போல் இறுகிய கைகளை பிராண்டு வரிசை வரிசையாகக் கண்டார். ஒரு நோயாளியிடம் தம் கையை நீட்டி, இயன்ற அளவு இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் வலி தாங்காமல் மருத்துவர் தம் கையை விடுவித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பயனற்றது என்று கைவிடப்பட்ட கையில் இவ்வளவு வலிமையா? எலும்பு முறிவுக்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் அறுவை செய்தோர் பலர் இருந்தனர். தொழுநோயால் முடங்கிய கைகளை அந்நோக்கில் ஆராய்ந்தோர் அரியர். அன்று தொடங்கியது அவர் ஆராய்ச்சி.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. தோலுக்கு அண்மையில் செல்லும் நரம்புகளை அது தாக்குகிறது. முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு கெட்டால் உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் சோர்ந்துவிடும். முன்கையின் பெருந்தசைகளோ பெரும்பாலும் கேடின்றி நிற்கும். சிறு தசைகள் சோர, பெருந்தசைகள் இழுக்க, விரல்கள் கொக்கிபோல் வளைகின்றன. ஆகவே பிடிப்பதற்கு வலிமை உண்டு. பிடிக்கத் தக்கவாறு விரலை நீட்டி அமைக்கத்தான் இயலாது. 1940-களில் சல்போன் மருந்துகள் வந்து கிருமியை அடக்கத் தொடங்கியிருந்தன. ஆயினும் கிருமி ஒழிந்தபின்னும் மடங்கிய கை மடங்கியவாறே இருந்தது. நோய் நீங்கிய இளைஞனும் ஊரார் கண்ணுக்கு நோயாளியே.

1948 முதல் பிராண்டு அறுவையில் இறங்கினார். ஒரு விரலை மடக்கத் தசைநாண்கள் இரண்டு உள. ஒன்றை எடுத்தாலும் விரல் மடங்கும். எடுத்த நாணைக் கிழித்து, உள்ளங்கை வழியே செலுத்தி, செயலிழந்த சிறு தசைகளின் வேலையை அதற்கு ஒப்படைப்பதே அறுவையின் சூழ்ச்சி. இம்முறையை அவர் புதிதாகக் கண்டுபிடித்தாரல்லர். பிற நோய்களுக்குப் பிறர் கையாண்டதைத் தொழுநோய்க் கைக்குக் கொண்டுவந்து, அதற்கேற்பத் திருத்தினார்.

அறுவை முடிந்து, மூன்று வார அளவு மாவுக்கட்டில் இருந்த கை வெளியே வரும்போதுதான் ஆசிரியர்க்கு மிகவும் பழக்கமான ஒரு வேலை தொடங்குகிறது. கை நிமிர்ந்திருக்கிறது, ஆயினும் அதற்கு உரியவன் அதை இயக்க அறியான். மோதிர விரலை மடக்கு என்று மூளை அனுப்பும் பழைய கட்டளைக்கு இப்பொழுது வேறொரு மூட்டு அசைகிறது. எழுத்தறியாத குழந்தை முதன்முதல் பலகையில் ‘அ’ எழுதும் நிலை அது. பழைய கட்டளையை மறந்து புதியதைப் பயிலவேண்டும். சூடான மெழுகில் கையை நனைத்து இளக்குவர், எண்ணெயிட்டு நீவுவர், மென்மையான பொருளைப் பிசையச் செய்வர், பிறகு சிறு பொருளைப் பிடித்து எடுத்து வைக்கச் சொல்வர். பல வாரங்கள் இவ்வாறு கழியும். பயிற்சியில்லாத அறுவை வெறுங்கையாகவே முடிந்திருக்கும்.

இவ்வளவும் செய்து ஊருக்கு அனுப்பிய பிறகு நேர்ந்ததை பிராண்டு தம் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். கை சீரான ஒருவர் திரும்பி வந்து, இக்கை பிச்சைக்கு உதவவில்லை என்று முறையிட்டார். மடங்கிய கையை நீட்டியபோது இரங்கிக் காசு போட்டவர்கள், நிமிர்ந்த கையைக் கண்டு காசு போட மறுத்தனர். வடு இருந்ததால் வேலை தருவாரும் இல்லை. இருக்க இடம் தருவாரும் இல்லை. முன்னே அரைவயிறு நிறைந்தது. இப்பொழுது அதுவும் இல்லை. மருத்துவர் நன்மை செய்ய எண்ணி, இருந்த ஒரே பிழைப்பையும் பறித்துவிட்டார் என்றே கொள்ளவேண்டும். இம்முறையீட்டைக் கேட்டு நன்றியின்மை என்று சினந்து ஒதுக்கியிருந்தால், வேலூர்க் கதை சில மருத்துவக் கட்டுரைகளோடு முடிந்திருக்கும்.

அவ்வாறு ஒதுக்காமல் 1951-ஆம் ஆண்டளவில் கல்லூரி வளாகத்தில் சில எளிய மண்சுவர் வீடுகள் எழுந்தன. ‘நவஜீவ நிலையம்’ என்பது அவற்றின் பெயர். புதுவாழ்வு இல்லம் என்பது பொருள். அறுவை முடிந்த இளைஞரும் சிறுவரும் அங்கே தங்கி, சிற்றூர் வாழ்வு போன்ற வாழ்வு நடத்தி, கைத்தொழில் கற்றனர். தச்சுவேலையும் மரப்பொம்மை செய்தலும் முதன்மையானவை. பிராண்டுக்கு இளமையில் கற்ற தொழில் இங்கே கைகொடுத்தது. அறுவை செய்த கைகளுக்கு அவரே அரத்தையும் வாளையும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். சுங்கை பூலோவில் 1930-இல் அமைந்த பெருங் குடியிருப்பை அறிந்த மலேசிய வாசகர்க்கு இதன் வேறுபாடு எளிதில் விளங்கும். நோயாளிகள் வேலிக்குள்ளேயே ஓர் ஊர் அமைத்து வாழ்ந்த இடம் அது. வேலூர் இல்லத்தின் நோக்கமோ, உள்ளே வந்தவரைத் தொழிலோடு தத்தம் ஊருக்குத் திருப்பி அனுப்புவது.

பட்டறை நடக்கத் தொடங்கியதும் புதிய துன்பம் ஒன்று தலைகாட்டியது. சீர்செய்யப்பட்ட விரல்களில் புண்கள் தோன்றின. சில புண்கள் ஆழ்ந்து எலும்பை எட்டின. தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிரும் என்பது மக்களின் நம்பிக்கை. மருத்துவருள்ளும் பலர் அதையே நம்பினர். நம்பிக்கை மெய்யானால் அறுவையும் வீண், பட்டறையும் வீண்.

இந்த இடத்தில்தான் அச்சிறுவன் வருகிறான். ஒரு நாள் பிராண்டு பண்டக அறையின் பூட்டைத் திறக்க முயன்றார். துருவேறிய பூட்டு, சாவி அசையவில்லை. பத்து வயது மதிக்கத்தக்க, மெலிந்த நோயாளிச் சிறுவன் ஒருவன் அருகில் வந்து, தான் முயல்வதாகச் சொல்லிச் சாவியை வாங்கினான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினான். பூட்டுத் திறந்தது. வளர்ந்த ஆண்மகனால் இயலாதது இச்சிறுவனுக்கு எவ்வாறு இயன்றது என்று வியந்த மருத்துவர், தரையில் சொட்டிய குருதியைக் கண்டார். சாவியின் விளிம்பு விரலை எலும்பு தெரியும் அளவு அறுத்திருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை.

பிறரைவிட அவன் வலிமை மிக்கவன் அல்லன். பிறர் எந்த அளவில் வலி கண்டு நிறுத்திக்கொள்வரோ, அந்த எல்லை அவனுக்கு இல்லை. செங்கற்பட்டில் மருத்துவர் கையை நெரித்த பிடியின் பொருளும் இப்பொழுது முழுதும் விளங்கியது. நெருப்பில் விழுந்த கிழங்கை முதியவர் ஒருவர் வெறுங்கையால் எடுத்துக் கொடுத்த காட்சியையும் பிராண்டு கண்டிருந்தார். நரம்பு மரத்த கையில் வலி இல்லை. வலி இல்லாத இடத்தில் காவலும் இல்லை.

அதன்பின் நவஜீவ நிலையம் மருத்துவமனை, பள்ளி, துப்பறியும் கூடம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்றாயிற்று. ஒவ்வொரு கீறலுக்கும் காரணம் தேடினர். சுத்தியலின் பிடியில் சிலும்பிய மரத்துண்டு ஒருவன் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. கருவியை வேண்டியதற்கு மேல் இறுக்கிப் பிடித்ததால் இன்னொருவன் கையில் கொப்புளம். சூடான குவளையைத் தாங்கிய விரல்களில் தீப்புண். இரவில் படித்துக்கொண்டே கண்ணயர்ந்தவன் கை அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் சாய்ந்து வெந்திருந்தது. பெரும்பாலான புண்களுக்குக் காரணம் கிடைத்தது. சில காயங்கள் மட்டும் விளங்கவில்லை. இரவு படுக்கும்போது முழுதாய் இருந்த விரலில் காலையில் சதை குறைந்திருந்தது. இரவில் விழித்திருந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. உறங்குபவன் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அவன் அசையாமல் உறங்கிக்கொண்டிருந்தான். அதன்பின் நிலையத்தில் பூனைகள் வளர்க்கப்பட்டன. தொழில் கற்று ஊருக்குத் திரும்புவோர் கருவிகளோடு ஒரு பூனையையும் கொண்டு செல்வது வழக்கமாயிற்று. மருத்துவ வரலாற்றில் பூனை மருந்துச் சீட்டில் இடம்பெற்ற நிகழ்ச்சி வேறு இருப்பதாகத் தெரியவில்லை!

காரணம் அறிந்தபின் பட்டறையே மாறியது. கருவிகளின் பிடிகள் தடிமனாக்கப்பட்டு வழவழப்பாக இழைக்கப்பட்டன. சூடான பாத்திரங்களுக்கு மரப்பிடிகள் வந்தன. பிள்ளைகள் கண்ணால் பார்த்து வேலை செய்யப் பழகினர்; அதாவது, தோல் செய்யவேண்டிய காவலைக் கண் ஏற்றது. வேலை முடிந்ததும் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிவந்த இடம் உண்டா, கொப்புளம் உண்டா என்று தேடுவது நாள்தோறும் நிகழும் பாடமாயிற்று. புண்கள் குறைந்தன, வந்த புண்களும் ஆறின. ஆறியதே பெரிய சான்று. தொழுநோயாளியின் சதை கெட்ட சதையன்று, காவலற்ற சதை என்பதை உலக மருத்துவருக்கு எடுத்துக்காட்ட அந்தத் தச்சுப்பட்டறை பெரிதும் துணைநின்றது. அறுவைக் கூடத்தில் மட்டும் நின்றிருந்தால் இவ்வுண்மை இவ்வளவு தெளிவாக வெளிப்பட்டிராது. கையை அதன் வேலையில் வைத்துப் பார்த்ததால் வெளிப்பட்டது.

இங்கே ஒன்றை மறைத்தல் தகாது. தொடக்கத்தில் இந்நிலையத்தின் குறிக்கோள் பிழைப்புக்கு வழிகாட்டுவதே. செய்லிப் பள்ளியின் குறிக்கோளும் அதுவே. ஊனமுற்ற பிள்ளை நாலு காசு சம்பாதித்தால்தான் மதிப்புப் பெறுவான் என்னும் எண்ணம் இத்தகைய முயற்சிகளின் அடியில் ஓடுவதை மறுக்க இயலாது. பொம்மை செய்ய இயலாத பிள்ளைக்கு என்ன வழி என்ற வினாவை அவை நேருக்கு நேர் எதிர்கொள்ளவில்லை. தொழில்வழி மருத்துவம் அவ்வினாவுக்கு மெல்ல மெல்லவே விடை தேடியது. செய்து முடித்த பொருளினின்றும் செய்யும் பிள்ளையினிடம் அதன் பார்வை நகர்ந்தது. அமெரிக்காவில் அத்துறையைச் சேர்ந்த ஜீன் ஏர்ஸ் அம்மையார் 1972-இல் வெளியிட்ட நூல் அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தோல், தசை, உட்செவி ஆகியவற்றிலிருந்து வரும் உணர்வுகளை மூளை ஒழுங்குபடுத்தினால்தான் படிப்பும் எழுத்தும் கைகூடும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையைப் பற்றி ஆராய்ச்சியாளரிடையே இன்றும் வாதம் உண்டு. ஆயினும் பென்சில் பிடிக்கத் தடுமாறும் பிள்ளையைச் சோம்பேறி என்று தலையில் குட்டும் வழக்கத்தை அது ஓரளவேனும் குறைத்தது. வேலூர்ச் சிறுவனிடம் வலிமை இருந்தது; உணர்வு இல்லை. ஏர்ஸ் அம்மையார் கண்ட பிள்ளைகளிடம் உணர்வு இருந்தது. அதில் ஒழுங்கு இல்லை. இருவர்க்கும் மருந்து செயலே.

இந்தியாவில் தொழில்வழி மருத்துவம் ஒரு படிப்பாக வேரூன்றியதும் இதே ஆண்டுகளில்தான். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இந்தியப் பெயர் பூண்ட கமலா நிம்ப்கர் அம்மையார், 1950-இல் பம்பாய் கே. இ. எம். மருத்துவமனையில் அதற்கென முதற் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் அகில இந்தியச் சங்கமும் அமைந்தது. வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் 1955-இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது.

வேலூரிலேயே இன்னொருவர் கதையும் இதனோடு பின்னியது. கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் மோட்டார் விபத்து ஒன்றில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். நடக்க இயலாதவர் நின்றபடி அறுவை செய்ய இயலாது. ஆனால் கை அறுவையை உட்கார்ந்தபடி செய்யலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அவர் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்து சீராக்கினார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று தோன்றக் காரணமானார். நோயாளிக்குத் தொழிலை மீட்டுத் தந்த கைகள், தம் தொழிலையும் அவ்வழியே மீட்டுக்கொண்டன.

அதே 1966-இல் பிராண்டு வேலூரை விட்டு அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே பணவசதி இருந்தது, பொறியாளர் இருந்தனர். மரத்த கைக்குச் செயற்கை வலி ஒன்றை அமைத்துவிடலாம் என்று பல ஆண்டுகள் முயன்றனர். அழுத்தத்தை அளக்கும் நுண்கருவிகளைக் கையுறையில் பொருத்தி, அளவு மீறினால் செவியில் ஒலி எழுமாறு செய்தனர். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. ஒலிக்குப் பதிலாக, உணர்வுள்ள அக்குளில் சிறு மின்னதிர்ச்சி தாக்குமாறு அமைத்தனர். துருப்பிடித்த திருகாணி ஒன்றை முடுக்கித் திருப்பிக்கொண்டிருந்த ஒருவர், அதிர்ச்சி வந்தவுடன் கருவியின் பொத்தானை அணைத்துவிட்டு, வேலையை முடித்து, மறுபடியும் பொத்தானைப் போட்டுக்கொண்டார். முயற்சி கைவிடப்பட்டது. நாள்தோறும் வேலை முடிந்தபின் கைகளைத் திருப்பிப் பார்க்கும் வேலூர்ப் பட்டறைப் பழக்கத்தையே கார்விலிலும் நோயாளிகளுக்குக் கற்பித்தனர்.